இன்கா அன்ரி

அந்தப் பெயரை வைத்தது என் மகள்தான். அவருக்கு நீளமான, அழகான சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. ஆனால் கங்காரு நாட்டில், கிளேட்டனில் எங்களைச் சுற்றியிருந்த தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் குறைவு. அவரைவிட வயது கூடியவர்களும் 'இன்கா அன்ரி வந்தவவோ?' என்றுதான் கேட்பார்கள். நான் மட்டும் அக்கா என்பேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. என் கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். நான் அங்கேயே நூலகத்தில், புத்தகம் இரவல் கொடுக்கும் மேசையில் வேலை பார்த்தேன். ஒரு குளிர்காலக் காலையில் பருத்திச் சேலைக்கு மேல் ஆம்பிளைகள் போடும் பழுப்புக் கம்பளிக் கோட்டோடு ஒரு பெண் வந்து, கைநிறையப் புத்தகங்களை என் முன்னால் இறக்கினார். எல்லாம் ஸ்பானிய மொழி. என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார்.

"தமிழா?"

"ஓம்."

"ஓமா? அப்ப சிலோன்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். நூலகத்தில் நாலு தலைகள் திரும்பின. அவருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. தான் காரைக்குடிப் பக்கம் என்றும், நகரத்தில் ஓர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் பெரு நாட்டு இன்காப் பேரரசின் பழைய பானைகளை ஆராய வந்திருப்பதாகவும் சொன்னார். ஒரு புத்தகத்தைத் திறந்து காட்டினார். பெருத்த வயிறும் ஒடுங்கிய நீண்ட கழுத்துமாக ஒரு சாடி. அடி கூர்மையாக முடிந்தது. சிவப்பிலும் கறுப்பிலும் வெண்மஞ்சளிலும் அதன்மேல் கோலம். நடுவே ஒரு தண்டு, இரண்டு பக்கமும் ஒழுங்காகப் பிரியும் கிளைகள், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு புள்ளி.

"வடிவாயிருக்கு. இதுக்கு என்ன அர்த்தம், அக்கா?"

"தெரியாதும்மா" என்றார்.

வீட்டில் கலியாணம் என்று சொல்பவரின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அதைச் சொன்ன முகம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடல் கடந்து வந்து, அந்நிய மொழி படித்து, இத்தனை புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஒருவர், கேட்ட முதல் கேள்விக்கே தெரியாது என்கிறாரே!

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் இந்த 'தெரியாது' பற்றித்தான் சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் அந்தச் சொல்லை மென்று விழுங்குவோம். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்லிச் சமாளிப்போம். அவர் அதை நிமிர்ந்து நின்று, முழுச் சொல்லாகச் சொல்வார். பிறகு அதோடு விடமாட்டார். எதுவரை தெரியும், எங்கே தெரியாமல் போகிறது என்று அந்த எல்லைவரை கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார்.

அன்று மத்தியானம் உணவகத்தில் அப்படித்தான் நடந்தது. "சிலர் அந்தச் செடியைப் பன்னம்னு, அதாவது பெரணிச் செடின்னு சொல்றாங்க. சிலர் மக்காச்சோளம்ங்கிறாங்க. இன்னும் சிலர், அது செடியே இல்லை, கணக்குக்காக முடிச்சுப் போட்ட கயிறுங்கிறாங்க. இன்காக்களுக்கு நம்ம மாதிரி எழுத்து கிடையாது. வரைஞ்சவங்க யாரும் எழுதி வைக்கலை. ஸ்பெயின்காரன் வந்தப்போ தங்கத்தைப் பத்திக் கேட்டான், பானையில இருக்கற கோட்டைப் பத்தி யார் கேட்டா?"

"அப்ப ஒண்டுமே தெரியாதோ?"

"நல்லாத் தெரிஞ்சதும் இருக்கே!" என்று எழுந்து, தன் கைப்பையை முதுகில் வைத்துக்கொண்டார். சாடியின் இடுப்பில் தாழ்வாக இரண்டு கைபிடி. தோளில் மிருகத்தலை போல ஒரு சின்னக் குமிழ். கைபிடிகளில் கயிற்றைக் கோத்து, குமிழில் மாட்டி, முதுகில் கட்டிச் சுமப்பார்கள். அதனால் முதுகில் படும் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், வெளியே தெரிகிற பக்கத்தில்தான் கோலம். உள்ளே மக்காச்சோளக் கள். பேரரசின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அதே உருவம், அதே கட்டங்கள், அதே முக்கோண வரிசை. "எந்த மூலையில இந்தச் சாடி வந்து இறங்கினாலும், இது ராஜாவோட விருந்துன்னு ஜனங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். குடிச்சா நாளைக்கு அவருக்கு வேலை செய்யணும்னும் தெரிஞ்சிருக்கும். இவ்வளவு தூரம் தைரியமா சொல்லலாம். இதுக்கு மேல சொன்னா அது நம்ம ஆசை."

பக்கத்து மேசை மாணவர்கள் சேலை கட்டிய பெண் முதுகில் கைப்பையோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அவர்களுக்கும் ஒரு சிரிப்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைக் குடித்தார்.

அடுத்த தைப்பொங்கலுக்கு அவரைப் பேசக் கூப்பிட்டோம். தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். ஏற்பாடு செய்தவர் எங்கள் வட்டத்தில் மூத்த பொறியியலாளர் ஒருவர், தமிழின் தொன்மை என்றால் சோறு தண்ணீர் மறக்கிற மனுஷன். அவரே தலைப்பையும் வைத்து அறிவித்துவிட்டார்: 'இன்காக்கள் தமிழரே.' மேடையில் அறிமுகம் செய்யும்போது, "இன்கா எண்டால் என்ன? இங்கே! நாங்கள் இங்கே வந்து சேர்ந்திட்டம் எண்டு எங்கட ஆக்கள் கரையில நிண்டு சொன்ன சொல்லு!" என்றார். மண்டபம் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அக்கா படங்களைத் திரையில் காட்டத் தொடங்கினார். வைரக் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் சாடி வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து "கோலம்! கோலம்!" என்று சத்தம் கேட்டது.

"ஆமா, கோலம் மாதிரிதான் இருக்கு" என்றார் அக்கா. "எனக்கும் முதல் தடவை பார்த்தப்போ அப்படித்தான் இருந்துச்சு. ஆனா மாதிரி இருக்கறது வேற, அதுவாவே இருக்கறது வேற. முக்கோணம் வரையறதுக்கு யாரும் யார்கிட்டயும் போய்க் கத்துக்க வேண்டியதில்லை."

பொறியியலாளர் எழுந்தார். "அப்ப எங்கட ஆக்கள் அங்க போகேல்லை எண்டு உங்களால நிரூபிக்க ஏலுமோ?"

"முடியாது. போனாங்கன்னு உங்களால முடியுமா?"

 பொங்கல் பானையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றுவிட்டார்கள். அக்கா குரலைத் தாழ்த்தினார். "ஐயா, தோத்துப்போன ஜனங்க அவங்க. நாடு போச்சு, ராஜா போனார், கோயில் போச்சு. மிஞ்சினது இந்தப் பானைங்கதான். அதையும் நாம வாங்கிக்கணுமா? நமக்குத்தான் நம்மளது அவ்வளவு இருக்கே."

அன்று பாதிப்பேருக்குக் கோபம். ஒருவர் எனக்குக் கேட்கும்படியாகவே "இந்தியாக்காரிக்குத் தமிழ்ப்பற்று இல்லை" என்றார். மழை கொட்டியது. அக்காவை வீட்டில் கொண்டுபோய் விட யார் வருவார்கள் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்க, அந்தப் பொறியியலாளரே கார் சாவியோடு வந்து, "வாங்கோ, இறக்கி விடுறன். ஆனால் நான் சொன்னது பிழை எண்டு ஒத்துக்கொள்ள மாட்டன்" என்றார். "நானும்தான்" என்று ஏறினார் அக்கா. அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவரும் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்து வாதாடுவது வழக்கமாயிற்று. பின்னாளில் அவர் என்னிடம், "அந்த மனுசியோட கதைச்ச பிறகுதான், நான் சொல்லுறதில எது எனக்கு உண்மையாத் தெரியும் எண்டு யோசிக்கத் தொடங்கினனான்" என்றார்.

ஆனால் எல்லாரும் கார் சாவியோடு வருவதில்லை.

அருங்காட்சியகத்தில் அவருக்கு இருந்தது தற்காலிக வேலை. பெருவில் பல காலம் சுரங்கத் தொழில் செய்துவிட்டுத் திரும்பிய பணக்காரர் ஒருவர் தன்னிடமிருந்த சாடிகளையெல்லாம் அன்பளிப்பாகக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அவற்றை ஒழுங்குபடுத்திக் கண்காட்சியாக வைத்து முடித்தால் அக்காவுக்கு நிரந்தர வேலை என்பது பேச்சு. கண்ணாடிப் பேழைகளுக்குக் கீழே வைக்கும் குறிப்புகளில் அவர் 'இந்தச் செடி வடிவத்தின் பொருள் தெரியவில்லை' என்று எழுதினார். "சனம் தெரிந்துகொள்ளத்தானே காசு கொடுத்து வருகிறது, வளம் தரும் பன்னச்செடி என்று போட்டால் என்ன?" என்றார் இயக்குநர். "தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போகட்டும்" என்றார் அக்கா. எப்படியோ அந்தக் குறிப்பு நிலைத்தது.

நிலைக்காமல் போனது வேறொன்று. அந்தப் பணக்காரர் தன் பொக்கிஷம் என்று சொல்லிவந்த பெரிய சாடியில் முன்பக்கம் போலவே பின்பக்கமும் நிறையக் கோலம் இருந்தது. அதுதான் அதன் அருமை என்பது அவர் எண்ணம். அக்கா அதைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. ஒருநாள் இயக்குநரையும் அந்தப் பணக்காரரையும் வைத்துக்கொண்டு, ஈரப் பஞ்சால் பின்பக்கத்தில் ஓர் ஓரத்தை மெல்லத் துடைத்தார். பஞ்சு சிவந்தது. முன்பக்கத்தைத் துடைத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. சூளையில் சுட்ட நிறம் தண்ணீருக்குக் கரையாது. சாடி பழையதுதான், பின்பக்கக் கோலம் மட்டும் யாரோ விற்பதற்காகப் பிற்காலத்தில் பூசியது.

"எல்லாவற்றுக்கும் தெரியாது என்பீர்களே, இதை மட்டும் எப்படி இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறீர்கள்?" என்று பணக்காரர் கேட்டாராம்.

"இது தெரியும். அதனால சொல்றேன்."

பணக்காரர் கோபத்தில் அன்பளிப்பை முழுக்கத் திருப்பி எடுத்துக்கொண்டார். கண்காட்சி நின்றது. கண்காட்சி இல்லாமல் அக்காவுக்கு அங்கே வேலையும் இல்லை. எங்கள் வீட்டில் வந்து இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது, வேலைக்காக என்று நினைத்தேன். "இல்லைம்மா. அந்தச் சாடிங்களை இனிமே நான் எங்க போய்ப் பார்ப்பேன்?" என்றார்.

"பேசாமல் இருந்திருக்கலாமே, அக்கா?"

"இருந்திருக்கலாம்" என்று ஒத்துக்கொண்டார். "இருக்க முடியலை."

அறை வாடகை கொடுக்க வழியில்லாமல் அவர் எங்கள் வீட்டின் பின்னறைக்கு வந்தது அப்போதுதான். மாலையில் ஸ்பானிய மொழி வகுப்பு எடுத்தார். பகலில் என் மகளோடு விளையாடினார். அவள் எதையாவது கிறுக்கிக் கொண்டுவந்து "வட் இஸ் திஸ், அன்ரி?" என்று கேட்டால், நாங்களெல்லாம் பூனை, வீடு என்று ஊகித்துச் சொல்லி அவளை அழவைப்போம். அவர், "எனக்குத் தெரியாதே, வரைஞ்சவதான் சொல்லணும்" என்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுவார். அவளும் மணிக்கணக்கில் சொல்லுவாள்.

ஒரே கூரையின் கீழ் இருக்கும்போது அந்தக் குணம் எரிச்சலும் தரும், அதையும் சொல்ல வேண்டும். மழை வருமோ என்றால் தெரியாது. கறிக்கு உப்புக் காணுமோ என்றால், எழுந்து போய் ருசி பார்த்துவிட்டுத்தான் பதில். விருந்துக்கு வந்த ஒருத்தி தன் மகனுக்கு மருத்துவப் படிப்புக் கிடைத்துவிடும்தானே என்று எல்லாரையும் போல அவரையும் கேட்க, அவர் "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். சும்மா ஓம் என்றால் என்ன குறைந்துவிடும் என்று அன்று நான் உள்ளே பொருமினேன். அடுத்த வருடமே பெருவில் அகழாய்வுக் குழு ஒன்றில் பானைகளைப் பார்க்கும் வேலை கிடைத்து அவர் புறப்பட்டுப் போய்விட்டார். விமான நிலையத்தில் அந்தப் பழுப்புக் கோட்டு முழுக்க எங்கள் கண்ணீர். ஆனால் அதற்கு முன் நடந்த ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஊரில் தமிழரை அடித்து விரட்டிய எழுபத்தேழு ஆவணிக் கலவரம். என் தம்பி, சிங்களவர் கூடுதலாக வாழும் அநுராதபுரத்தில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கோப்புகள் பார்க்கும் எழுதுவினைஞன். வானொலியில் இரண்டு வரிச் செய்தி வந்தது, பத்திரிகையில் ஒரு மூலையில் வந்தது, பிறகு ஒன்றும் இல்லை. தொலைபேசி அழைப்புப் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் இணைப்புக் கிடைக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மாவின் தந்தி, அவன் வந்து சேரவில்லை என்று மட்டும் சொன்னது.

வீடு நிறையச் சனம். "தம்பிக்கு ஒண்டும் வந்திராது, பயப்பிடாதையும்" என்றார்கள் சிலர். "அங்க கந்தோர் ஆக்களை வீடுவீடாத் தேடினவங்களாம்" என்று வாசலில் நின்று குசுகுசுத்தார்கள் சிலர். ஒருவர் அவன் சாதகத்தைப் பார்த்து ஆயுள் கெட்டி என்றார். இன்னொருத்தி கனவில் அவன் வெள்ளை வேட்டியோடு வந்ததாகச் சொல்லி அழுதாள். நான் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறான் என்றால் நம்பினேன், இல்லை என்றால் அதையும் நம்பினேன். கடைசியில் அக்காவிடம் போனேன்.

"நீங்க சொல்லுங்கோ அக்கா. அவன் இருப்பானோ?"

என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "தெரியலைம்மா."

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு ஆறுதலுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம் அக்கா" என்றார்.  அக்கா என் கையை விடவில்லை.

மறுநாளிலிருந்து வீட்டின் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார். மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். என்னை உண்ணவைத்து நூலகத்துக்கு அனுப்பினார். "வீட்ல உட்கார்ந்தா நீ கதை கட்டுவே" என்றார். பகலெல்லாம் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கொழும்பில் தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், நிவாரண அமைப்புகள் என்று ஓயாமல் அழைப்புப் பதிந்தார். நான் வந்ததும் அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வார். அநுராதபுரத்திலிருந்து ஒரு கூட்டம் கொழும்பு அகதி முகாமுக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து சனங்களைக் கப்பலில் வடக்கே காங்கேசன்துறைக்கு அனுப்புகிறார்கள். தம்பி குடியிருந்த வீடு எரிந்திருக்கிறது. எரிந்தபோது அவன் உள்ளே இருந்ததாக யாரும் சொல்லவில்லை. நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில் சொல்வார். அந்தக் குரலை நான் நம்பினேன். எத்தனை பேர் வந்து என்ன சொன்னாலும், மாலையில் அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காலுக்குக் கீழே நிலம் இருப்பது தெரிந்தது.

வாரங்கள் ஓடின. ஒரு வயதான அன்ரி வந்து, இனியும் சும்மா இருப்பது சரியில்லை, ஆத்மசாந்திக்கு ஒரு பூசை வைத்துவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் தலையை ஆட்டியிருப்பேன். குசினியிலிருந்து அக்கா கையில் அகப்பையோடு வந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அவன் செத்துட்டான்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. இவளுக்கும் தெரியாது. தெரியறதுக்கு முன்னாடியே அழுது வைக்கச் சொல்லாதீங்க."

அதற்குச் சில நாள் கழித்து, நூலகத்தில் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்கள் நிறைந்திருந்த ஒரு முற்பகல். கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தார். கோட்டு இல்லை. காலில் வீட்டுச் செருப்பு. அந்தக் குளிரில் வியர்த்திருந்தது. வீட்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம் என்ற யோசனையே அவருக்கு வரவில்லை.  மண்டபத்தின் அந்த முனையிலிருந்தே கத்தினார்.

"இருக்கான்! இருக்கான்டி! கப்பல்ல காங்கேசன்துறை வந்து இறங்கிட்டான்! கை ஒடிஞ்சிருக்கு, அவ்வளவுதான்!"

மேற்பார்வையாளர் உதட்டில் விரலை வைத்தபடி எழுந்தவர், எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். கந்தோரில் கூட வேலை செய்த சிங்களவர் ஒருவர் தம்பியைத் தன் வீட்டில் ஒளித்து வைத்திருந்து, பிறகு லொறியில் கொழும்பு முகாமுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார். இதையெல்லாம் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்த அக்கா, என் மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. எனக்கு அழுகை வர இன்னும் நேரம் எடுத்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏனக்கா, இவ்வளவு நாளும் நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடேல்லையே?"

"எனக்கு முதல் நாள்லேர்ந்தே பயம்தான்" என்றார். "அவன் போயிட்டான்னே மனசுக்குள்ள இருந்துச்சு. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது? அது என் பயம். எனக்குத் தெரிஞ்ச விஷயம் இல்லையே."

மேற்பார்வையாளர் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். என் கோட்டை அக்காவுக்குப் போர்த்தி பேருந்தில் ஏற்றினேன். வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தவர், "சாயங்காலம் பாயசம் வைக்கணும்" என்று தொடங்கினார், வசனம் முடியவில்லை. தலை என் தோளில் சாய்ந்துவிட்டது. எத்தனை நாள் தூக்கமோ. எங்கள் நிறுத்தம் வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று மெல்லத் தலையை அசைத்தேன். கிளென் வேவர்லியில் பேருந்து கடைசியாக நிற்கும் இடம்வரை அப்படியே போனோம்.